பிடிக்குள் ஒடிந்த கத்தியும் அதற்குப் பின் மூன்று கத்திகளைச் சோதித்ததும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நாங்கள் ஆறு பேர். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை காட்டுப் பாதைகளில் நடந்து, மூன்று இரவு தங்கிவிட்டு வருவோம். தீ மூட்ட அனுமதி உள்ள இடங்களில்தான் தங்குவது, நிற்கிற மரத்தைத் தொடுவதில்லை, கீழே விழுந்து காய்ந்து கிடப்பதை மட்டும் எடுப்பது என்று ஆரம்பத்திலிருந்தே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். எல்லோர் பையிலும் 10 செ.மீ. அலகுள்ள சின்னக் கத்தி ஒன்று இருக்கும். அது போக, குழு முழுவதற்கும் பொதுவாக ஒரு பெரிய கத்தி. கோடரி எடுத்துப் போகலாமே என்று ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார், ஆனால் எடையை யார் சுமப்பது என்ற இடத்தில் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

அந்தப் பொதுக் கத்தியை எங்களில் மூத்தவர் நான்கு வருடங்களுக்கு முன் வாங்கி வந்தார். 25 செ.மீ. அலகு, முதுகில் ரம்பப் பற்கள், உள்ளே குழாய் போல வெற்றிடமாக இருக்கும் உலோகப் பிடி. பிடியின் அடி மூடியைத் திருகினால் தீக்குச்சி, ஊசி, தூண்டில் நூல் வைத்துக்கொள்ள இடம் இருக்கும். பார்க்க நன்றாக இருந்தது, கையில் எடுத்தால் கனமாக இருந்தது, நான்கு வருடம் குறை எதுவும் சொல்ல முடியாமல் ஓடியது. அதனால்தான் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

அந்த இரவு

பயணத்தின் இரண்டாம் நாள், மதியத்திலிருந்து மழை. கிடைத்த மரமெல்லாம் வெளியே ஊறிப்போயிருந்தது. இந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்றுதான். கையகலக் கட்டையைப் பிளந்து, உள்ளே இருக்கும் காய்ந்த பகுதியை எடுத்து, அதைச் சீவிச் சுள்ளியாக்குவது. கத்தியைக் கட்டையின் தலையில் குறுக்காக வைத்து, முதுகில் இன்னொரு தடியால் தட்டி இறக்குவோம். பேட்டனிங் என்று சொல்வார்கள்.

கட்டை 9 செ.மீ. தடிமன் இருக்கும். பாதி இறங்கியதும் உள்ளே இருந்த கணுவில் அலகு மாட்டிக்கொண்டது. கத்தியைப் பிடித்திருந்தவர் எங்களில் இளையவர்.

“அண்ணே, இறங்க மாட்டேங்குது” என்றார்.

“முனைப் பக்கமே தட்டு, பிடியை அழுத்தாதே” என்று மூத்தவர் சொல்லி முடிப்பதற்குள், இளையவர் பிடியை உடம்பு பாரத்தோடு கீழே அழுத்தியிருந்தார். தட்டத் தட்ட முனைப் பக்கம் கீழே போகிறது, பிடிப் பக்கம் மேலே தூக்குகிறது, அதைச் சமன் செய்யக் கை தானாகவே அழுத்தும். யாருக்கும் வரக்கூடிய செய்கைதான் அது. ஆனால் அந்த அழுத்தம் முழுவதும் அலகும் பிடியும் சேரும் இடத்தில்தான் போய் விழுகிறது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. ‘டக்’ என்று ஒரு மொட்டைச் சத்தம், அவ்வளவுதான். பிடி அவர் கையோடு வந்துவிட்டது, முஷ்டி கட்டையில் மோதி விரல் கணுக்கள் சிராய்த்துக்கொண்டன. அலகு கட்டையிலேயே செருகி நின்றது. கணுவில் மாட்டியிருந்ததால்தான் அது நின்றது. மாட்டாமல் இருந்திருந்தால் 25 செ.மீ. இரும்பு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல முடியாது, எதிரே அரை மீட்டர் தூரத்தில் இன்னொருவர் மண்டியிட்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு தீ மூட்டினோம். சின்னக் கத்தியால் கெட்டியான குச்சிகளைச் சீவி நான்கு மர ஆப்புகள் செய்து, கட்டையின் தலையில் இருந்த வெடிப்பில் வைத்து அடித்துப் பிளந்தோம். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மெதுவான வேலைதான், ஆனால் நடந்தது. பெரிய கத்தி இல்லாவிட்டால் அந்த இரவை ஓட்ட முடியாது என்பதில்லை. இதைக் குறித்து வைத்துக்கொண்டோம், பின்னால் முடிவெடுக்கும்போது உதவியது.

உடைந்த இடத்தைப் பார்த்தபோது

வீட்டுக்கு வந்ததும் பிடியின் குழாய்க்குள் மாட்டியிருந்த துண்டை வெளியே எடுத்தோம். அலகின் பின்முனை சட்டென்று குறுகி, ஏறத்தாழ 1 செ.மீ. விட்டமுள்ள தண்டாக மாறி, இரண்டரை செ.மீ. நீளத்துக்குத்தான் பிடிக்குள் போயிருந்தது. கத்தியில் பிடிக்குள் போகும் இந்தப் பகுதியை டாங் என்பார்கள். அகலமான அலகு குறுகிய தண்டாக மாறும் அந்த மூலை, தச்சன் மூலைமட்டம் வைத்தது போல செங்கோணமாக வெட்டப்பட்டிருந்தது. இரும்பில் இப்படிக் கூர்மையான உள்மூலை இருந்தால் விசை அங்கேதான் போய்க் குவியும், விரிசலும் அங்கேதான் தொடங்கும். அந்த மூலையை வளைவாக ராவி விட்டிருந்தாலே போதும், நிலைமை மிகவும் மாறியிருக்கும்.

முறிந்த முகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முக்கால் பங்கு வெளிறிய சாம்பல் நிறம், உப்புத்தாள் போலப் பொரபொரப்பு. ஒரு ஓரத்தில் மட்டும், நகக்கண் அளவுக்குப் பழுப்பு. நகத்தால் சுரண்டினால் தூள் வந்தது. துருதான். இரண்டு நாளில் அந்த அளவுக்குப் படிந்த துரு இல்லை அது. அதாவது அந்த ஓரம் முன்பே பிளந்து, தண்ணீர் உள்ளே போய், பல மாதமாகத் துருப்பிடித்துக் கிடந்திருக்கிறது. மிச்சமிருந்த முக்கால் பங்குதான் அன்று ஒடிந்தது. எங்களுக்குத் தெரியாமல், விரிசல் விட்ட கத்தியைத்தான் இரண்டு மூன்று பயணங்களாகத் தட்டிக்கொண்டிருந்தோம். இளையவர் பிடியை அழுத்தியது கடைசிக் காரணம், முதல் காரணம் இல்லை. இதை அவரிடம் அப்போதே சொன்னேன், அவர் தன்னால்தான் உடைந்தது என்று மனதில் வைத்திருந்தார்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முதுகில் இருந்த ரம்பப் பற்களால் மரம் அறுக்கவே முடியவில்லை, இரண்டு செ.மீ. போனதும் மாட்டிக்கொள்ளும். ஆனால் தட்டும் தடியை அவை கடித்துக் கடித்துக் குதறி வைத்திருந்தன.

என்ன வேண்டும் என்று எழுதிப் பார்த்தது

அடுத்த கத்தி வாங்கலாம் என்றதும் ஆளுக்கு ஒரு படம் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதை நிறுத்திவிட்டு, கடந்த மூன்று பயணங்களில் அந்தக் கத்தி உண்மையில் என்னென்ன வேலை செய்தது என்று ஒவ்வொருவரையும் தனியாக எழுதச் சொன்னேன். ஆறு தாள்களிலும் முதலில் வந்தது கட்டை பிளப்பது. அடுத்து விழுந்த கொம்புகளில் கிளை கழிப்பது, கூடார முளை சீவுவது, சுள்ளியை இறகு போலச் சீவுவது. ஒருவர் மண் தோண்டியது என்று எழுதியிருந்தார், அதை இனிச் செய்ய வேண்டாம் என்று அடித்துவிட்டோம். தடித்த மரத்தைக் குறுக்கே வெட்டித் துண்டாக்கியது மூன்று பயணங்களிலும் சேர்த்து இரண்டே முறை.

பெரிய கத்தி என்றாலே ஓங்கி வெட்டுவதற்கு என்று எல்லோர் மனதிலும் இருக்கிறது. எங்கள் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. குறுக்கே துண்டாக்க மடக்கு ரம்பம்தான் சரி, 200 கிராமுக்குள் கிடைக்கும், பாதி உழைப்பில் வேலை முடியும், கை வழுக்கினாலும் காயம் சின்னது. ஆகவே மடக்கு ரம்பம் ஒன்று, ஆளுக்கொரு சின்னக் கத்தி, பொதுவாக ஒரு பெரிய கத்தி என்று முடிவு செய்தோம். ரம்பம் நீளத்தைக் குறைத்துக் கொடுக்கும், பெரிய கத்தி பிளந்து கொடுக்கும், சின்னக் கத்தி சீவும்.

அலகின் நீளத்துக்கும் இதிலிருந்தே ஒரு கணக்கு கிடைத்தது. பிளக்கும்போது தட்டுவதற்குக் கட்டைக்கு வெளியே 5 செ.மீ. முனை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் பிளக்கும் கட்டைகள் 12, 13 செ.மீ.க்கு மேல் போவதில்லை. அப்படியென்றால் 20 செ.மீ. அலகு தாராளம். 25 தேவையே இல்லை.

எஃகைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. சுருக்கமாகச் சொன்னால், ஓங்கி அடிவாங்கும் கத்திக்குக் கடினத்தைவிடத் தாங்குதிறன் முக்கியம். ராக்வெல் சி என்ற கடின அளவில் 56 முதல் 58 வரை இருக்கும் கத்தி, 61, 62 இருப்பதைவிடச் சீக்கிரம் மழுங்கும், ஆனால் பல் விழாது, அதாவது வாய் எனப்படும் கூரான ஓரம் எளிதில் சில்லுப் பெயராது. மழுங்கியதைக் காட்டில் கல்லை வைத்துத் தீட்டிக்கொள்ளலாம். பல் விழுந்தால் அந்த அளவுக்கு வாய் முழுவதையும் தேய்த்து இறக்க வேண்டும். 1095 என்ற எஃகில் கரி (கார்பன்) ஏறத்தாழ 1 சதவீதம், துருப்பிடிக்கும், ஆனால் தீட்டுவது சுலபம். 5160-இல் கரி 0.6 சதவீதம்தான், கூடவே கொஞ்சம் குரோமியம், வண்டிகளின் வில்பட்டைக்குப் போடும் எஃகு அது, அடி தாங்குவதில் கெட்டி. டி2-இல் கரி ஒன்றரை சதவீதம், குரோமியம் 12 சதவீதம் வரை. கூர் நெடுநேரம் நிற்கும், திரும்பத் தீட்டத்தான் நேரமாகும். ஆனால் எந்த எஃகாக இருந்தாலும், காய்ச்சித் தோய்த்துப் பதம் பார்த்த விதம் சரியில்லையென்றால் பெயரில் எதுவும் இல்லை. அந்தப் பதத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. டாங்கையும் பல கத்திகளில் பார்க்க முடியாது. பெரிய கத்தியில் நம்மைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டு விஷயங்கள்தான், அதற்காகத்தான் சோதனையே.

மூன்று கத்திகள்

வாங்கியது ஒன்று, நண்பர்களிடம் கேட்டு வாங்கியது இரண்டு. முதலாவதைத் தடித்த கத்தி என்கிறேன். 24 செ.மீ. அலகு, 6.3 மி.மீ. முதுகு, டி2 எஃகு, 640 கிராம். டாங் பிடியின் முழு அகலத்துக்கும் நீளத்துக்கும் போகிறது. மூத்தவருக்கு இதுதான் பிடித்திருந்தது.

இரண்டாவது கறுப்புக் கத்தி. 20 செ.மீ., 4.8 மி.மீ., 1095, கறுப்புப் பூச்சு, 450 கிராம். இதிலும் முழு டாங்தான், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பட்டைகள், மூன்று திருகாணிகள். கழற்றிப் பார்க்கலாம். மூன்றாவது மரப்பிடிக் கத்தி. 23 செ.மீ., 5 மி.மீ., 5160, முன்பக்கம் அகன்று கனமாக இருக்கும் இலை வடிவ அலகு, 520 கிராம். டாங் மரத்துக்குள் மறைந்திருந்தது, எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியாது.

மறைந்திருக்கும் டாங் என்றாலே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். 1942-இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட, கா-பார் என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த கத்திக்குக் குறுகலான டாங்தான், தோல் வளையங்களை அடுக்கிய பிடி. நேபாளத்தின் வளைந்த குக்ரிக் கத்திகள் பலவற்றில், பிடியின் முழு நீளத்துக்கும் போகாத டாங்கை அரக்கு வைத்து ஒட்டியே தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிறார்கள். மூலை வளைவாக இருக்கிறதா, நீளம் போதுமா, பதம் சரியா என்பதுதான் கேள்வி.

சோதித்த முறை

மூன்று வார இறுதிகள் ஆயின. முதல் நாள் வெட்டவே இல்லை. நல்ல அரத்தின் ஓரத்தை அலகின் அடிப்பக்கம், பிடிக்கு அருகில், லேசாக இழுத்துப் பார்த்தோம். வாயருகே மூன்றிலும் அரம் கடிக்காமல் வழுக்கியது, அதாவது பதம் ஏறியிருக்கிறது. முதுகில் கறுப்புக் கத்தியும் மரப்பிடியும் கொஞ்சம் கடிபட்டன, தடித்த கத்தி முதுகிலும் வழுக்கியது. அப்புறம் 6 மி.மீ. பித்தளைக் கம்பி. கம்பியின் மேல் வாயைச் சாய்த்து வைத்து மெல்ல அழுத்தினால் கூர் இம்மியளவு வளைவது வெளிச்சத்தில் தெரியும். கையை எடுத்ததும் அது திரும்பி நேராக வேண்டும். வளைந்தபடியே நின்றால் பதம் குறைவு, சில்லு போனால் பதம் அதிகம். மூன்றும் தேறின.

கறுப்புக் கத்தியின் பிடிப் பட்டைகளைக் கழற்றினோம். முழு இரும்பு, மூலைகளில் வளைவு, விரிசல் இல்லை.

இரண்டாம் வாரம் வெட்டு. ஒரே கம்பத்திலிருந்து, 8 செ.மீ. விட்டம், கணு இல்லாத பகுதிகளை மூன்று கத்திக்கும் பிரித்துக்கொண்டோம். விதிகள் மூன்று வைத்தோம். வெட்டுபவரைச் சுற்றிக் கை நீட்டிக் கத்தியும் நீட்டினால் எட்டும் வட்டத்துக்குள் யாரும் வரக்கூடாது. மண்டியிட்டுத்தான் வெட்ட வேண்டும், நின்றுகொண்டு வெட்டினால் தப்பிய வீச்சு முழங்காலுக்கோ காலுக்கோ வரும், மண்டியிட்டால் மண்ணில் போகும். தொடைகளுக்கு நடுவே வைத்து எதையும் சீவக்கூடாது, உள்தொடையில் பெரிய தமனி ஓடுகிறது, அங்கே வெட்டு விழுந்தால் சில நிமிடங்களே இருக்கும்.

புதிதாகத் தொடங்கும்போது ஒரு கம்பத்தைத் துண்டாக்கத் தடித்த கத்திக்கு 31 வீச்சு, மரப்பிடிக்கு 33, கறுப்புக்கு 44. மூத்தவர் முகம் மலர்ந்தது. சரி, இப்படியே நாற்பது நிமிடம் மாறி மாறி வேலை செய்துவிட்டு மறுபடியும் எண்ணலாம் என்றேன். இரண்டாவது எண்ணிக்கையில் தடித்த கத்தி 47-க்குப் போய்விட்டது, கறுப்பு 49, மரப்பிடி 36. இரும்பு மாறவில்லை, கை மாறிவிட்டது. 640 கிராமைத் தூக்கித் தூக்கி மணிக்கட்டு ஓய்ந்ததும் வீச்சு வேகம் குறைகிறது, இடம் தவறுகிறது, ஒரே வெட்டில் விழ வேண்டியது பக்கத்தில் விழுகிறது. முதல் பத்து நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் தடித்த கத்தியைத்தான் வாங்கியிருப்போம்.

கைகளையும் பார்த்தோம். கறுப்புக் கத்தியைப் பிடித்த எல்லோருக்கும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சவ்வில் சிவந்திருந்தது, ஒருவருக்குக் கொப்புளம். பட்டையின் மேல் ஓரம் சதுரமாக இருந்ததுதான் காரணம். மரப்பிடி முட்டை வடிவம், அடியில் கொஞ்சம் பருத்திருக்கும், நனைந்த கையிலும் திரும்பவில்லை. கறுப்பின் பிளாஸ்டிக் நனைந்தால் வழுக்கியது.

அடுத்து கணுவுள்ள கட்டையைப் பிளந்தோம். பிடியை அழுத்தக்கூடாது, கட்டையின் நடுவில் வைக்காமல் ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகப் பிளக்க வேண்டும் என்று முறையையும் மாற்றிக்கொண்டோம். மூன்றும் தாங்கின. ஆனால் தடித்த கத்தியின் வாயில் மூன்று இடத்தில் பல் விழுந்திருந்தது, மணல் அளவுக்கு, விளக்கடியில் வாயை நேராகப் பார்த்தால் வெள்ளைப் புள்ளியாக மின்னியது, தாளை இழுத்தால் அந்த மூன்று இடத்திலும் சிக்கியது. கறுப்பில் ஒரு இடம் மடங்கியிருந்தது, கல்லில் பத்து இழுப்பில் சரியானது. தடித்த கத்தியை எஃகு மட்டம் என்று சொல்ல நான் தயாரில்லை. அதன் வாய் பக்கத்துக்கு 17 டிகிரிக்குத் தீட்டப்பட்டிருந்தது, ஓங்கி வெட்டும் வேலைக்கு அது ஒல்லி, 22-க்குத் தீட்டியிருந்தால் பல் விழாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்று பல்லை எடுத்து அந்தக் கோணத்துக்குக் கொண்டுவர எனக்கு ஒரு மாலை முழுவதும் போனது, காட்டில் அது முடியாது.

இடையில் நடந்த காயம்

மூன்றாம் வாரம் நடந்தது இது, சோதனையின் பெரிய தவறு எங்களுடையது. மரப்பிடிக் கத்திக்கு வந்த தோல் உறை இரண்டு தோலை வைத்துத் தைத்தது. வாய்ப் பக்கத் தையலுக்கு உள்ளே இன்னொரு தோல் பட்டை வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் கத்தியின் வாய் நூலில் படாது. இதில் அந்தப் பட்டை இல்லை. ஒருவர் கத்தியை உறையில் திருப்பிப் போடும்போது உறையை வாய்ப் பக்கமாகக் கையில் பொத்திப் பிடித்திருந்தார். வாய் நூலை அறுத்துக்கொண்டு வெளியே வந்து ஆள்காட்டி விரலில் 2 செ.மீ. வெட்டியது.

சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை மேலே தூக்கிப் பிடித்து, பத்து நிமிடம் துணியை எடுத்துப் பார்க்காமல் இருந்தோம். இரத்தம் நின்றது. விரலை மடக்க முடிந்தது, நுனியில் உணர்ச்சி இருந்தது, ஆனாலும் மருத்துவரிடம் காட்டினோம், மூன்று தையல். அன்றைக்குச் சோதனையை நிறுத்தினோம். ஐந்து நாட்களாக அரம், பித்தளை, கட்டை என்று பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, கத்தி நாள் முழுவதும் இருக்கும் இடமான உறையை யாரும் ஒரு நிமிடம் பிரித்துப் பார்க்கவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

கறுப்புக் கத்தியை எடுத்தோம். வெட்டுவதில் அது மூன்றாவதுதான். ஆனால் எங்கள் பட்டியலில் வெட்டுவது கடைசியில் இருந்தது, பிளப்பதற்கும் சீவுவதற்கும் 20 செ.மீ. நீளமும் 4.8 மி.மீ. தடிமனும் போதும், தீட்டுவது சுலபம். எல்லாவற்றுக்கும் மேல், டாங்கை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம், வருடத்துக்கு ஒரு முறை கழற்றி மறுபடியும் பார்க்கவும் முடியும்.

கையில் நன்றாக இருந்தது மரப்பிடிதான், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதை எடுக்காததில் நியாயத்தோடு பயமும் கலந்திருந்தது. மறைந்திருந்த ஒன்று உடைந்த மறு மாதம் இன்னொரு மறைந்த டாங்கை நம்ப மனம் வரவில்லை.

பிடியின் சதுர ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து உருட்டினோம், முதலில் சொரசொரப்பானது, அப்புறம் 400 எண்ணுள்ள நைசானது. வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி, பிடியின் முன்பாதியில் இழுத்து மாட்டினோம். வாயைப் பக்கத்துக்கு 21, 22 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். உறை கெட்டி பிளாஸ்டிக், தலைகீழாக உதறியும் கத்தி விழவில்லை. பயணம் போகும்போது உறையோடு துணியில் சுற்றிப் பையின் அடியில்தான் வைக்கிறோம், பெரிய கத்தியை எடுத்துச் செல்வதற்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் போகும் இடத்தின் விதியை முதலில் பார்த்துவிடுகிறோம்.

அதன் பிறகு

இதுவரை மூன்று பயணங்கள். முதல் பயணத்திலேயே தெரிந்த மாற்றம் மடக்கு ரம்பத்தால் வந்தது. கட்டையை 25 செ.மீ. துண்டுகளாக, கணு இல்லாத இடமாகப் பார்த்து அறுத்துவிட்டால், பிளப்பதற்கு நாலைந்து தட்டு போதும். கணுவோடு மல்லுக்கட்டும் வேலையே போய்விட்டது.

இரண்டாவது பயணம் மழை. கத்தியை நனைந்தபடி உறையில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டோம், காலையில் பூச்சு தேய்ந்த வாய் ஓரம் முழுவதும் ஆரஞ்சு நிறத் துரு. துடைத்து எண்ணெய் தடவியதும் போனது, ஆனால் ஒரு இடத்தில் குழி விழுந்திருக்கிறது. இப்போது தீயணைக்கும் முன் கத்தியைத் துடைத்து எண்ணெய் போடுவது ஒருவருடைய வேலை. ஊருக்கு வந்து பட்டைகளைக் கழற்றியபோது உள்ளேயும் கொஞ்சம் துரு இருந்தது, ஒரு திருகாணி அரைச் சுற்று தளர்ந்திருந்தது. டாங்கின் மூலைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம், விரிசல் இல்லை.

விரலில் காயம்பட்டவர் அந்த மரப்பிடிக் கத்தியையே தனக்கென்று வாங்கிக்கொண்டார். பிடியில் சின்ன வெடிப்பு வந்து மாற்ற வேண்டியிருந்ததால் மரத்தைப் பிளந்து எடுத்தார். உள்ளே டாங் இரண்டு விரல் அகலம், பிடியின் கடைசி வரை போயிருந்தது, மூலைகள் அழகாக வளைந்திருந்தன. அருமையான வேலை. நாங்கள் பயந்ததற்கு அந்தக் கத்தியில் ஒரு காரணமும் இல்லை.

மறுபடியும் செய்தால் மாற்றுவது

உறையை முதலில் சோதிப்போம், கத்தியைத் தொடுவதற்கு முன்பே. காய்ந்த கையோடும் நனைந்த கையோடும் ஐம்பது முறை எடுத்துப் போட்டுப் பார்ப்போம், உறையை எப்போதும் முதுகுப் பக்கமாகத்தான் பிடிப்போம்.

மறைந்த டாங் உள்ள கத்தியென்றால், பிடி போடுவதற்கு முன் எடுத்த படத்தைச் செய்தவரிடம் கேட்போம். நல்ல கொல்லர்கள் அதைக் காட்டத் தயங்குவதில்லை. அந்த ஒரு படம் இருந்திருந்தால் மரப்பிடியைத்தான் எடுத்திருப்போம் என்று இப்போது நினைக்கிறேன்.

வாயின் கோணத்தை மூன்று கத்திகளிலும் ஒன்றாக்கிவிட்டுத்தான் பிளக்கும் சோதனைக்குப் போவோம். தடித்த கத்திக்கு நாங்கள் அதில் நியாயம் செய்யவில்லை. எண்ணிக்கையையும் களைத்த கையோடுதான் எடுப்போம், புதுக் கையின் எண் எங்களைத் தவறான பக்கம் இழுக்கப் பார்த்தது.

பழைய கத்தியிலும் ஒன்றைச் செய்திருக்கலாம். நான்கு வருடத்தில் ஒரு முறையாவது பிடியைக் காதருகே வைத்து அலகை விரலால் சுண்டியிருந்தால், இறுக்கமாக இருக்கும் கத்தி ஒரே சீராக ஒலிக்கும், எங்காவது விட்டிருந்தால் அதிர்வு கரகரப்பாகக் கேட்கும். விரிசலை அது நிச்சயமாகக் காட்டியிருக்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பிடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணமாவது வந்திருக்கும்.

இன்னும் முடியாத வேலை ஒன்று பாக்கி. இளையவர் இடது கைக்காரர், கறுப்புக் கத்தியின் உறை வலது கைக்கு மட்டும்தான் பூட்டுகிறது. அவர் எடுக்கும்போது வாய் உடம்பைப் பார்த்து வருகிறது. அடுத்த பயணத்துக்குள் உறையைச் சூடு செய்து மறுபக்கம் திருப்பி அடிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை அவர் கத்தியைத் தானாக உறையிலிருந்து எடுப்பதில்லை, நான் எடுத்துப் பிடியை முன்னால் வைத்துக் கொடுக்கிறேன்.